சப்மரைனர் வாங்குவதென்றால் 5513ஆ, 124060ஆ?

ரோலெக்ஸின் டைவிங் வாட்சான சப்மரைனரில் தேதி காட்டாத மாடல்தான் எனக்குப் பிடித்தது, அதனால் அலசலும் அதற்குள்ளேயே. ஒரு பக்கம் 1962இல் வந்து 80களின் கடைசி வரை ஓடிய 5513, இன்னொரு பக்கம் 2020இல் வந்த 124060. சேலத்தில் இருந்துகொண்டு தினமும் கட்டப்போகிற ஒரே வாட்ச் என்றால் 124060தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அழகு என்று வந்துவிட்டால் 5513க்குப் பக்கத்தில் அது நிற்காது.

அந்த அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். 5513இன் கண்ணாடி அக்ரிலிக், நடுவில் கொஞ்சம் மேடாக எழும்பியிருக்கும், சாய்த்துப் பார்த்தால் ஓரத்து நிமிடக் கோடுகள் வளைந்து தெரியும். டயல் புள்ளிகளில் பெரும்பாலும் பூசியது ட்ரிட்டியம், இருட்டில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 12 வருடம் சொச்சம்தான் என்பதால் இன்றைக்கு இருட்டில் பெரிதாக ஒளிராது, ஆனால் வெள்ளையாக இருந்த அந்தப் புள்ளிகள் வெண்ணெய் நிறத்துக்கோ, சிலதில் நல்ல பழுத்த மஞ்சளுக்கோ மாறியிருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான கறுப்பு அலுமினிய பெசலும் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருக்கும்.

124060இல் பெசல் செராமிக், கண்ணாடி சஃபையர், இரண்டும் லேசில் கீறல் விழாது, நிறமும் மங்காது. பலமாக இடித்தால் செராமிக் உடையும், அதை மாற்றத்தான் வேண்டும். அக்ரிலிக் கீறலை பாலிஷ் பேஸ்ட் வைத்துத் தேய்த்தே எடுத்துவிடலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சேலத்து வெயிலில் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இறங்கும்போது, கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் உள்ளே ஏற்கெனவே ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். 5513 டயலில் 200 மீட்டர் என்றிருப்பதை நம்பி அதோடு குளிக்கக்கூட வேண்டாம், ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது, ஈரம் பட்ட பழைய டயலைக் காப்பாற்றவும் முடியாது. 124060 தாங்குவது 300 மீட்டர். கழற்றி வைத்தால் 70 மணி நேரம் ஓடும், ஒரு நாளைக்கு 2 விநாடிக்கு மேல் முன்பின் போகாது என்கிறது கம்பெனி. வெயிலில் மணிக்கட்டு வீங்கினால் கொக்கியிலேயே செயினைத் தளர்த்திக்கொள்ளலாம், இந்த ஒரு வசதிக்காகவே சித்திரை மாதத்தில் கை இதைத்தான் தேடும். இரும்பும் வேறு: 904எல் ரக ஸ்டீல், பழசில் இருக்கும் 316எல் ரகத்தைவிட வியர்வை உப்பை நன்றாகத் தாங்கும்.

அப்புறமும் மனசு 5513இல்தான் நிற்கிறது என்றால், பளபளவென்று இருப்பதை வாங்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்கு ஏற்றுகிற மெருகை இதற்கும் ஏற்றியிருந்தால் செயின் மாட்டும் காதுகள் மெலிந்து, ஓரத்துச் சரிவு மழுங்கிப்போயிருக்கும், போன இரும்பு திரும்பி வராது. நான்கு காதுகளும் ஒரே தடிமனா, டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். செயினைக் கழற்றி 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும் தெளிவாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்பவர் செயினைக் கழற்ற மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.