3 மணி நேரம் மட்டுமே ஓடிய ஹார்டிஸ்க்: வீட்டு சர்வர் கட்டித் தரச் சொல்கிறவர்கள் கவனத்துக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டு சர்வரைச் சோதிக்காமல் வாங்கி ஏமாறவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்னால், விற்றவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்தேன். அந்த ஒரு சோதனைக்குத்தான் அவர் தயாராக வந்திருந்தார்.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா. பதினைந்து வருடப் படங்கள், பத்துமலைத் தைப்பூச வீடியோக்கள், அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் மூன்று போன்களிலும் இரண்டு பழைய வெளி ஹார்டிஸ்க்குகளிலும் சிதறிக் கிடந்தன. மாதாமாதம் கிளவுடுக்குக் கட்டி அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டிலேயே ஒரு சர்வர், அதாவது எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, வைத்துவிடலாம் என்று நினைத்தேன். போட்டோக்களுக்கு இம்மிச், அம்மா பார்க்கும் சினிமாவுக்கு ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல் என்று சில மென்பொருள்கள், அப்புறம் வாசல் கேமராவின் பதிவு. ஆசை அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் நானே ஏறி இறங்கிப் பாகம் பாகமாக வாங்கியிருக்கலாம். சோம்பல். முகநூலில் 'வீட்டு சர்வர் கட்டித் தரப்படும்' என்று தமிழிலேயே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பேசினேன். முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி, வாய்க்கு வாய் அண்ணே. "டென்ஷன் ஆகாதீங்கண்ணே, பிளக்கைச் சொருகினா போதும், மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்றார். நம்ம ஆளு என்று மனசு இளகிவிட்டது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

விலை 3,200 வெள்ளி (ரிங்கிட்). 14 கோர் ஜியான் பிராசசர், 64 ஜிபி இசிசி (பிழையைத் தானே திருத்தும்) ரேம், புத்தம் புதிய 8 டிபி சீகேட் அயர்ன்வுல்ஃப் ஹார்டிஸ்க் இரண்டு, டிஸ்குகளை நிர்வகிக்கும் அன்ரெய்டு மென்பொருள் வாழ்நாள் உரிமத்தோடு, ஒரு வருட வாரண்டி. பாதிப் பணம் முன்பணமாக டுயிட்நவ் வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போனது. 2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், அம்மாவின் குத்துவிளக்குக்குக் கீழ்த்தட்டில் பெட்டியை வைத்தார்.

அப்போதுதான் என் சோதனை. ஒவ்வொரு ஹார்டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும், ஸ்மார்ட் என்பார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர் (டிஸ்கின் சின்னச் சேமிப்புக் கட்டம்) கெட்டு மாற்றப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். திறந்து பார்த்தேன். இரண்டுமே 3 மணி நேரம். "கடையில டெஸ்ட் பண்ணினதுண்ணே, அதான் மூணு" என்றார். சுழியம் என்று காட்டியிருந்தால்கூட ஒருவேளை யோசித்திருப்பேன். 3 என்றதும் முழுசாக நம்பிவிட்டேன். மீதிப் பணத்தை அனுப்பினேன். அவர் பெட்டியைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் ஓடியது. ஓடியது என்றால், குறைகளோடு ஓடியது. அம்மாவின் பழைய டிவிக்கு 4கே படம் ஒத்துவராது, சர்வர்தான் அதை மாற்றி அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியின் விசிறி நாசி லெமாக் கடை எக்ஸாஸ்ட் மாதிரி கத்தும், படம் திக்கித் திக்கி வரும். 14 கோர் இருந்தும் ஏன் என்று கேட்டால் அந்தத் தம்பி நெட் ஸ்லோ என்பார். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வரும் டிவியும் ஒரே வீட்டுக்குள் ஒரே கேபிளில் இருக்கின்றன. பெட்டியில் இருந்தது ஜியான் இ5-2680 வி4, 2016இல் வந்த பிராசசர், கம்பெனிகளின் டேட்டா சென்டர்களுக்காகச் செய்தது. அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. வீடியோ மாற்றும் வேலையைச் சுலபமாக முடிக்கும் குவிக் சின்க் என்பது இன்டெல்லின் சாதாரண வீட்டுச் சிப்புகளில் இருக்கிறது, இதில் இல்லை. கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கியது என் தப்பு. அதைத் தெரிந்தே எனக்கு விற்றது அவர் தப்பு.

ஆகஸ்டில் முதல் ஹார்டிஸ்க் போனது. அன்ரெய்டில் ஒரு டிஸ்கில் தரவு, இன்னொன்றில் பேரிட்டி, அதாவது தரவை மீட்க உதவும் கணக்கு. ஒன்று போனால் மற்றதை வைத்து மீட்கலாம். சரி, அதற்குத்தானே இரண்டு என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். மீட்பு பாதியில் இருக்கும்போது இரண்டாவது டிஸ்கும் படிக்க முடியாத செக்டர்களைக் காட்டத் தொடங்கியது. அறுபதாம் கல்யாண வீடியோ 41இல் 6 திரும்பி வரவில்லை. மாங்கல்யம் கட்டும் நேரத்து வீடியோ அதில் ஒன்று. நல்லவேளை, பழைய வெளி ஹார்டிஸ்க்கை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் அதற்கு முந்தைய வருடங்கள் தப்பின. கல்யாண வீடியோக்கள் மட்டும் போனிலிருந்து நேராகச் சர்வருக்குப் போனவை.

விற்றவரைக் கூப்பிட்டேன். "உங்க ஏரியாவுல இடி விழுந்திருக்கும்ணே, அதுக்கு வாரண்டி வராது." கோலாலம்பூரில் இடி விழாத மாதம் எது? யுபிஎஸ் இருக்கிறது, வேறு எந்தப் பொருளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். பிறகு பார்க்கிறேன் என்றார். அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அக்கா மகன் ஒருத்தன் சர்வர் வேலையில் இருக்கிறான். அவன் வந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. "மாமா, இது மூணு மணி நேரம் ஓடின டிஸ்க் இல்ல" என்றான். ஸ்மார்ட் கணக்கைச் சுழியமாக்கும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீகேட்டின் இந்த வகை டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடும் உண்டு. ஸ்மார்ட்டை அழித்தவர்கள் பல நேரம் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படித்துப் பார்க்க முடியும். படித்தான். முதல் டிஸ்க் 27,412 மணி நேரம். மூன்று வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடியிருக்கிறது. இரண்டாவதும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஒரே இடத்தில் ஒரே காலம் உழைத்த இரட்டையர்கள். அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாட்டுக்கு, சேர்ந்தே கிழடான இரண்டு டிஸ்கைக் கொடுத்திருக்கிறார்.

2025 ஜனவரியில் இதே கதை ஜெர்மனியில் பெரிதாக வெடித்திருந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த சீகேட் டிஸ்குகள் கணக்கு அழிக்கப்பட்டு, கடைகளில் புதிது என்று விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நான் பெட்டி வாங்கியது மார்ச்சில். ஒரு தேடல் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் காட்டினான். டிஸ்கின் கேபிள் சொருகும் பற்களில் கீறல், திருகுத் துளைகளைச் சுற்றித் தேய்மானம். புதிய டிஸ்கில் அது இருக்காது. அப்புறம் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டோம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாகப் போன சரக்கு, தனிநபருக்கு வாரண்டி இல்லை என்று வந்தது. இரண்டு நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்னால் ஹாலில் உட்கார்ந்தபடியே செய்திருக்கலாம்.

அன்ரெய்டின் உரிமம் அப்போது ஒரு யுஎஸ்பி டிரைவோடு பிணைந்திருந்தது. எங்களுடையது கள்ளத்தனமாக உடைத்த உரிமம். மருமகன் மென்பொருளைப் புதுப்பித்ததும் அது டிஸ்குகளைத் தொடங்கவே மறுத்துவிட்டது. நான் காசு கொடுத்து வாங்கிய உரிமம் எவருடைய கையிலும் இல்லாத ஒன்று.

ஆனால் என் மனைவி இன்றுவரை மன்னிக்காதது வேறு. ரவுட்டரைத் திறந்து பார்த்தபோது, சர்வரின் நிர்வாகப் பக்கம் வெளி உலகத்துக்கு அப்படியே திறந்து விடப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து ரிப்பேர் பார்க்கவாம். பாஸ்வேர்டு அவர் வைத்தது; நான் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. எங்கள் வாசல் கேமரா, பிள்ளைகளின் படங்கள், எல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் ஐந்து மாதம். அவர் பார்த்தாரா, வேறு யாராவது பார்த்தார்களா, சொல்வதற்கு வழியில்லை. 2022இல் டெட்போல்ட் என்ற பணப்பறிப்பு வைரஸ் இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத்தான் தேடித் தேடிப் பூட்டியது. யாராவது உங்கள் வீட்டில் சர்வர் வைத்துவிட்டுப் போனால், அன்றைக்கே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வரத் திறந்துவிட்ட வழிகள்) பட்டியலைப் பாருங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன. நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைக்க ஒரு காரணமும் கிடையாது.

பணம்? பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்க 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வாங்கிய மூன்று வருடத்துக்குள், வக்கீல் இல்லாமல். நல்ல ஏற்பாடு. ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ரசீது; அதில் கடைப் பெயர் இருந்தது, கம்பெனிப் பதிவு எண் இல்லை. கெப்போங் பக்கம் ஒரு கடைவீட்டு மாடி முகவரி இருந்தது. போய்ப் பார்த்தேன், கீழே டயர் கடை, மேலே பூட்டு. டயர் கடைக்காரர், "நீங்க மூணாவது ஆளு" என்றார். வங்கிக் கணக்கில் இருந்த பெயரை வைத்துப் புகார் எழுதியிருக்கிறேன், போலீஸிலும் ஒரு ரிப்போர்ட். பார்க்கலாம்.

இப்போது ஓடுவது என்ன என்று கேட்பவர்களுக்காக: இன்டெல்லின் என்100 சிப் போட்ட சின்னப் பெட்டி, 16 ஜிபி ரேம், பில்லோடு வாங்கிய இரண்டு புது டிஸ்க். ஒன்றைச் செந்தூலிலும் இன்னொன்றைக் கடை மாற்றி ரவாங்கிலும் வாங்கினேன், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வரக்கூடாது என்பதற்காக. வாங்கும்போது சிஎம்ஆர் (தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) வகையா என்று மட்டும் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டேன். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். டிஸ்கை மீட்டெடுக்கும் நாளில் அது இழுத்தடிக்கும். 2020 வரை சில டிஸ்குகள் எந்த வகை என்று தயாரிப்பாளர்களே வெளியில் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். மென்பொருள் ஓபன்மீடியாவால்ட், இலவசம், டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓடுகிறது. மருமகனுக்கு, ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட ஆசை. எனக்குப் புரிகிற ஒன்றே போதும் என்றேன். மாதம் ஒரு முறை மூன்றாவது டிஸ்கில் நகல் எடுத்து அக்கா வீட்டில் வைக்கிறோம்.

மின்சாரம்தான் ஆச்சரியம். பிளக்கில் மீட்டர் போட்டுப் பார்த்தோம். பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே 96 வாட், மாதம் கிட்டத்தட்ட 70 யூனிட். புதியது 22 வாட், 16 யூனிட். அம்மாவின் 4கே படம் விசிறிச் சத்தம் இல்லாமல் ஓடுகிறது.

டிஸ்க் வாங்கும் நாளில் முழுநீளச் சுயசோதனை ஒன்றைப் போட்டுவிடுங்கள். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் கட்டித் தருகிறவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், மீதிப் பணம் மறுநாள்தான் என்று. நேர்மையானவர் சரி என்பார். என் ஆளிடம் அப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே வேறு வேலை இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. போன வாரம் தங்கை அனுப்பிவைத்தாள். கடைப் பெயர் மாறியிருக்கிறது. 'வாடிக்கையாளர் வீட்டில் பொருத்தியது' என்று ஒரு படம். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் எங்கள் டிவியின் ஓரம், மேல்தட்டில் அம்மாவின் குத்துவிளக்கு.