மூளைக் கட்டிக்கு லேசர் சிகிச்சை: துளை சிறியது, விளக்கம் அதைவிடச் சிறியது

நான் தையற்காரன். இடது கையால் துணியைத் தள்ளிக்கொடுத்தே 40 ஆண்டுகளை ஓட்டியவன். ஆகவே சிகிச்சை பெற்ற மருத்துவமனையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், கட்டியைவிடக் கையைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்க மூளையில் ஒருமுறை அறுவை செய்து எடுத்த கட்டி, அதே இடத்தில் ஆழமாக மீண்டும் முளைத்திருந்தது. மறுபடியும் மண்டையோட்டைத் திறக்க வேண்டாம், சில மில்லிமீட்டர் துளையில் லேசர் இழையைச் செலுத்திக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்றார்கள். அந்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் வெப்பநிலையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். தலையில் ஒரே ஒரு தையல். நான் போட்டிருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. மறுநாளே நடந்து வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை இடது காலிலிருந்து செருப்பு கழன்றது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. மனைவி பின்னாலிருந்து எடுத்துவந்து காட்டினாள். மதியம் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுகின்றன, ஆனால் நடுவில் இருக்கும் பொத்தான் வழுக்கிக்கொண்டு போகிறது. தொலைபேசியில் கேட்டால், "அசதி இருக்கத்தான் செய்யும் ஐயா, ஓய்வெடுங்கள்" என்று பதில். மாலையில் மகள் பேசினாள். "அசதி என்றால் இரண்டு பக்கமும்தானே இருக்க வேண்டும்?" என்று அவள் கேட்ட பிறகுதான் உடனே வரச் சொன்னார்கள். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, வீக்கம்தான். வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். (தூக்கம் போய், நள்ளிரவில் பசி வந்தது தனிக்கதை.)

அன்றிரவு பெரிய மருத்துவர் ஒரு காகிதத்தில் வரைந்து விளக்கினார். சுட்ட கட்டியை வெளியே எடுப்பதில்லை. இறந்த திசு உள்ளேயே கிடந்து மெல்ல மெல்லக் கரைகிறது. சுற்றியுள்ள வீக்கமோ சில நாட்கள் கழித்துத்தான் ஏறுகிறது. கை கால்களை அசைக்கும் நரம்பிழைகள் மேலே விசிறியாக விரிந்து, ஆழத்தில் கயிறுபோல் நெருங்கிவிடுகின்றன. என் கட்டி அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில். வீக்கம் அழுத்தியதால் வந்த பலவீனம் பெரும்பாலும் திரும்பிவிடும். சூடே நரம்பிழையைத் தொட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. திசு சாகுமா பிழைக்குமா என்பதற்கு, 43 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் கணக்கு. 60ஐத் தாண்டினால் உடனே வெந்துவிடும். பக்கத்தில் ரத்தக் குழாய் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதனால் சுடும் பகுதி சுண்ணக்கட்டியால் கோடு போட்டதுபோல் அமைவதில்லை. நானோ முழு மயக்கத்தில் இருந்தேன். விழித்திருக்க வைத்துச் செய்யும் அறுவையில் போல, "கையை அசையுங்கள்" என்று இடையில் சோதித்துப் பார்க்க வழியில்லை.

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம். ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில், தொற்றுக்கும் வலிப்புக்கும் நடுவே, "தற்காலிக அல்லது நிரந்தர இயக்கக் குறைபாடு" என்று ஒரே வரி. இளம் மருத்துவர் ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்தார், நான் கையெழுத்துப் போட்டேன். நரம்பிழைகளின் பாதையைக் காட்டும் டிராக்டோகிராபி படம் எடுத்திருக்கிறார்கள். என் கண்ணில் காட்டவில்லை. ஒரு சட்டைக்கே தையலுக்கு எவ்வளவு துணி விடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நான் கத்தரியை எடுப்பேன்.

பிசியோதெரபி பிரிவுக்கு முழு மதிப்பெண். அங்கிருந்த பெண் ரப்பர் பந்தை ஒதுக்கிவிட்டு, "உங்கள் தொழில் சாமான்களைக் கொண்டுவாருங்கள் ஐயா" என்றார். பாபினில் நூல் சுற்றினேன், குண்டூசிகளைப் பொறுக்கினேன், துணியை விரல்களால் மடித்தேன். கால் மூன்று வாரத்தில் சரியாயிற்று. கைக்கு எட்டு வாரம் ஆனது. நேர்த்தையல் வந்துவிட்டது, காஜா மட்டும் இன்னும் கடை உதவியாளன்தான் எடுக்கிறான்.

கட்டி மறுபடி வந்தால் இதே இடத்துக்குத்தான் போவேன். ஆனால் படத்தைத் திரையில் போட்டு, நரம்பிழைக்கும் கட்டிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டச் சொல்வேன். வீடு திரும்பிய பிறகு கை தளர்ந்தால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவர் மருத்துவரா வரவேற்பாளரா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பேனாவைத் தொடுவேன்.