பேர்வால்ட் பி.வி.500: ஜான் மியூர் பாதையில் இருபது நாள்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி 4,421 மீட்டர் உயர விட்னி சிகரத்தில் முடியும் ஜான் மியூர் பாதை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் நடக்க விரும்புபவர் கூடாரத்தை எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். உணவை வைக்கும் டப்பாவில் மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. யோசெமிட்டியின் காட்டுப் பகுதியில் இரவு தங்குவோர், கரடியால் திறக்க முடியாதது என அங்கீகரிக்கப்பட்ட டப்பாவை வைத்திருக்க வேண்டும். நான் கொண்டுபோனது பேர்வால்ட் நிறுவனத்தின் பி.வி.500.

உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடும் பழைய வழக்கம் யோசெமிட்டியில் இப்போது சட்டவிரோதம். கட்டிய கயிற்றைத் தேடிப்பிடித்துக் கடித்து அறுக்கவும், மெல்லிய கிளையின் நுனிக்குக் குட்டியை அனுப்பவும் அங்குள்ள கருங்கரடிகள் எப்போதோ பழகிவிட்டன. எனவேதான் இந்த உருளை. பாலிகார்பனேட்டால் ஆன இதன் உள்ளளவு 11.5 லிட்டர், எடை 1.16 கிலோ, கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன், நகம் மாட்டுவதற்குப் பிடிப்பில்லாத வழவழப்பு. இத்தகைய டப்பாக்களை மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில், காப்பகத்தில் வளரும் கரடிகளிடம் 60 நிமிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். கரடிக்கு வேலை கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் பொருள் உலகில் அதிகம் இருக்காது.

மூடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருகி மூடும்போது அது இரண்டு தடைகளைத் தாண்டி, ‘டக்’கென்று இரண்டு முறை ஒலித்து உட்காரும், திறப்பதற்கு, தடை இருக்கும் இடத்தில் மூடியின் விளிம்பை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டும். நாணயமோ திருப்புளியோ தேவையில்லை. ஆனால் அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும், விரல்களும் விறைத்திருக்கும். அப்போது பழைய வங்கி அட்டை ஒன்றைத் தடைக்கும் மூடிக்கும் நடுவே செருகித் திருகினால் சுலபமாக வழுக்கித் திறந்துவிடும். முன்பு இந்த மூடியில் ஒரே ஒரு தடைதான் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளில், காதில் இரண்டு மஞ்சள் வில்லைகள் மாட்டப்பட்டிருந்ததால் ‘யெல்லோ-யெல்லோ’ என்று பெயர்பெற்ற பெண் கரடி ஒன்று அதைத் திறக்கக் கற்றுக்கொண்டது. நிறுவனம் இரண்டாவது தடையைச் சேர்த்த பிறகு, அதையும் பல்லால் அழுத்தித் திறந்தது. எனவே என் பரிந்துரை சியராவுக்கு மட்டுமே. அடிரொண்டாக் செல்பவர்கள் வேறு டப்பாவைப் பார்ப்பது நல்லது.

கடைகளில் எல்லோரும் இதன் எடையைத்தான் விசாரிக்கிறார்கள். உண்மையில் நம்மைச் சோதிப்பது கொள்ளளவு. பாதையின் நடுவில் இருக்கும் மியூர் டிரெயில் ரான்ச் என்ற தங்கும் விடுதிக்குப் பல வாரங்கள் முன்பே வாளியில் உணவை அனுப்பி வைத்துப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்து விட்னி வரையுள்ள ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு, பாதையை விட்டு வெளியேறாமல் மறுபடி உணவு கிடைக்காது. எனக்கு அது ஒன்பது நாள் நடை, அதாவது ஒரு நாளுக்கு 1.3 லிட்டருக்கும் குறைவான இடம். பற்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, உணவுக் குப்பை என மணமுள்ள அனைத்தும் அதே இடத்துக்குள் அடங்க வேண்டும். வீட்டிலிருந்து ஆசையாக எடுத்துப்போன முறுக்கு முதல் வாரத்திலேயே பாடம் கற்பித்தது: அதில் பாதிக்கு மேல் காற்று. சத்துமாவு, பருப்புப்பொடி, வேர்க்கடலை, நொறுக்கிப் பொடித்த நூடுல்ஸ் ஆகியவற்றைச் சிறு பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கடைசி நாளுக்கு உரியதை அடியிலும் அன்றைய மதிய உணவை மேலேயும் வைத்த பிறகுதான் மூடி உட்கார்ந்தது. உடல் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் புளிக்காய்ச்சல் பை எந்த மூலையில் கிடக்கிறது என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை மற்றவற்றுக்கு மேலாக வைப்பேன்.

இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சமதரையில் வைக்க வேண்டும். பாறை விளிம்பும் நீரோட்டமும் அருகில் இருந்தால், கரடி உருட்டும் டப்பா திரும்பக் கிடைக்காது. கயிறு கட்டுவதும் கூடாது, அது கரடிக்குக் கைப்பிடியாகிவிடும். மழை வரும்போலிருந்தால் மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது வழக்கம். ஒரு காலையில், வைத்த இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளி அது சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டில் புதிதாக மூன்று கீறல்கள், அவற்றின் மேல் காய்ந்த எச்சில்போல் ஒரு வெண்படலம். வந்தது யாரென்று பார்க்கவில்லை. உள்ளே இருந்த அவல் நொறுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

விலை 100 டாலரை ஒட்டி இருக்கிறது. கரிம இழையாலான பேரிகேட் என்ற டப்பா இதைவிட இலேசானது, ஆனால் விலை சில மடங்கு. ஒரே ஒரு பயணத்துக்காக எதையும் வாங்கத் தேவையில்லை. அனுமதிச்சீட்டு வாங்கும் யோசெமிட்டி அலுவலகத்திலேயே டப்பா வாடகைக்குக் கிடைக்கும். மறுபடியும் போகும் எண்ணம் இருப்பவர்கள் இதை வாங்கலாம். முகாமில் உட்கார முக்காலியாகவும் உதவும். இருபது நாளும் நான் உட்கார்ந்து சாப்பிட்டது இதன் மேல்தான்.