டிஎன்ஏ சீக்வென்சிங் சேவை: வாழை அசுவினியை வைத்துப் பார்த்ததில்

களக்காடு வட்டாரத்து வாழைத் தோட்டங்களில் சேகரித்த அசுவினிகளுக்குள் எந்தெந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று அறிவதற்காக, பாளையங்கோட்டையில் முகவர் வைத்திருக்கும் டிஎன்ஏ சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையை வாசித்தல்) செய்து தரும் ஒரு தனியார் நிறுவனத்தை எங்கள் ஆய்வகம் நாடியது. மாதிரியைப் பெற்றுச் செல்வதிலும் சொன்ன நாளில் முடிவை அனுப்புவதிலும் குறை சொல்ல இடமில்லை. முடிவில் சிக்கல் தென்பட்டால் அதை விளக்குவதில்தான் இந்த நிறுவனம் தடுமாறுகிறது.

இவ்வகை ஆய்வுக்கு இத்தகைய சேவை இல்லாமல் முடியாது. அசுவினி உறிஞ்சும் செடிச்சாற்றில் சர்க்கரை மிகுதி. இன்றியமையாத அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்வது, பூச்சியின் உடலுக்குள் தனிச் செல்களில் வாழ்ந்து தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்லும் புக்னெரா என்னும் பாக்டீரியா. 2000ஆம் ஆண்டில் பட்டாணி அசுவினியின் புக்னெராவுடைய மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, உறவு பாக்டீரியாவான ஈ.கோலையில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) இருக்க, இதில் ஏறத்தாழ 6.4 லட்சமே எஞ்சியிருந்தன. இவ்வளவு ஜீன்களை இழந்துவிட்ட உயிரியைப் பெட்ரித் தட்டில் வளர்த்துப் பார்க்க இயலாது என்பதால், பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் அதன் 16எஸ் ஜீனை, டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசித்துத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

அந்த ஜீனின் நீளம் சுமார் 1,500 எழுத்துகள். சாங்கர் என்னும் வாசிப்பு முறையில் ஒரு தடவைக்கு 700 அல்லது 800 வரைதான் தெளிவாகக் கிடைக்கும். ஆகவே இரு முனைகளிலிருந்தும் வாசிக்கச் சொல்ல வேண்டும். விலைப்பட்டியலில் காண்பது ஒரு முனைக்கான கட்டணம் மட்டுமே. உலர்பனிக்கட்டியில் அனுப்பும்படி முகவர் வற்புறுத்துவார். சுத்திகரித்த பிசிஆர் பொருள் ஓரிரு நாள் திருநெல்வேலி வெயிலைத் தாங்கும் என்பதால், அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

பொதுப் பிரைமர் (பல பாக்டீரியாக்களின் டிஎன்ஏவிலும் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கும் குறுந்துண்டு) கொண்டு பெருக்கிய மாதிரிகளில் சிலவற்றின் குரோமட்டோகிராம் (ஒவ்வோர் எழுத்தையும் ஒரு வண்ண உச்சியாகக் காட்டும் வரைபடம்) விசித்திரமாக வந்தது. எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான பகுதிகளில் ஒற்றை உச்சிகள் சீராக நின்றன. இனத்துக்கு இனம் மாறுபடும் பகுதி வந்ததும், ஒரே இடத்தில் பச்சையும் சிவப்புமாக இரண்டு உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நிறுவனத்தைக் கேட்டதற்கு, மாதிரி மாசுபட்டுள்ளது, புதிதாக அனுப்புங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. வெறும் நீர் வைத்த ஒப்பீட்டுக் குழாயில் டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் எந்தப் பட்டையும் தெரியாதபோது மாசு என்பது எளிதில் ஏற்கத்தக்க விளக்கமன்று. மேலும், வாழை அசுவினியில் புக்னெராவுடன் வோல்பாக்கியா என்னும் மற்றொரு பாக்டீரியாவும் வாழக்கூடும் என்பது ஏற்கெனவே பதிவாகியுள்ள செய்தி. வோல்பாக்கியாவுக்கே உரிய பிரைமர்கள் அவர்களிடம் இல்லாததால், அவற்றை வேறிடத்தில் வரவழைத்து, நாங்களே தனியாகப் பெருக்கி அனுப்பினோம். அந்த வாசிப்பு தொடக்கம் முதல் இறுதிவரை ஒற்றை உச்சிகளுடன் தெளிவாக வந்தது. ஆக, இரட்டை உச்சிகளுக்குக் காரணம் மாசு அல்ல, ஒரே பூச்சியில் இரு பாக்டீரியாக்கள் கலந்திருந்ததே என்று கொள்ளலாம்.

ஒரே பாக்டீரியா இருப்பது உறுதியான மாதிரிகளுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கலப்புக்கு வாய்ப்புள்ள பூச்சிகளை ஆராய்பவர்கள் தனித்தனிப் பிரைமர்களால் பெருக்கிய பிறகே அனுப்புவது நல்லது. எப்படியாயினும், எழுத்து வரிசையை மட்டும் பெற்றுக்கொள்ளாமல் மூல குரோமட்டோகிராம் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கூடுதல் கட்டணமின்றித் தருகிறார்கள், கேளாதவர்களுக்கு அனுப்புவதில்லை.