இயேசு இருந்தவரா இல்லையா: கல்லடியில ஆறு சனிக்கிழமை வகுப்பு, என்ட அனுபவம்

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்கு அங்கால ஒரு வீட்டு ஹோல்ல, பென்சன் எடுத்த சரித்திர சேர் ஒராள் சனி பின்னேரம் நடத்தின வகுப்ப போன கிழமைதான் முடிச்ச. ஆறு நாளைக்கு 3000 ரூபா, நோட்ஸும் தேத்தண்ணியும் அதுக்குள்ள. நற்செய்தியில வாற இயேசு உண்மையா வாழ்ந்த மனிசனா இல்லாட்டி கட்டின கதையா, இதுதான் விசயம். ஞாயிறு பூசைக்கு தவறாத ஆள் நான், அம்மா என்ன சொல்லுவாவோ எண்டு பயந்துதான் முதல் நாள் போன.

முதல் நாளே செட்டிபாளையத்து அக்கா ஒராள் கேட்டா, சேர் நாங்க வைகாசிச் சடங்குக்கு கண்ணகி அம்மனுக்கு வழக்குரை படிக்கிறம், அவ எந்த வருசம் இருந்தவ எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல, நீங்க மட்டும் ஏன் இப்பிடி கிண்டுறீங்க எண்டு. சேர் கோவிக்கல்ல. கிறிஸ்தவங்கட விசுவாச அறிக்கையில, இயேசுவுக்கு தீர்ப்புக் குடுத்த போஞ்சு பிலாத்து எண்டு ஒரு ரோம ஆளுநர்ர பேர் கிடக்குதே, அந்தச் சமயமே காலத்தையும் ஆளையும் குறிச்சு வைச்சிருக்கு, அப்ப சரித்திரக்காரன் கேக்கத்தானே வேணும் எண்டார். சின்ன வயசில இருந்து நான் வாயால சொல்லி வந்த பேர், அண்டைக்குத்தான் காதில விழுந்த மாதிரி இருந்திச்சு. மறுகா 1961ல இஸ்ரேல்ல செசரியாவில கிடைச்ச பிலாத்துட பேர் வெட்டின கல்லுட படத்த காட்டினார், காட்டிட்டு இது பிலாத்து இருந்ததுக்கு மட்டும்தான் சாட்சி, இயேசுவுக்கு இல்ல எண்டும் சொன்னார். அந்த நேர்மைக்கே காசு குடுக்கலாம்.

முதலாம் நூற்றாண்டு யூத சரித்திரக்காரர் ஜோசிபஸ்ட நூல்ல இயேசுவ புகழுற பந்தியில பிந்தின கிறிஸ்தவக் கை பட்டிருக்கு எண்டுதான் அறிஞர்மார்ல கனபேர் சொல்லுறாங்க, அத அப்பிடியே சொன்னார். பிலாத்துட காலத்தில கிறிஸ்துவுக்கு மரண தண்டனை குடுத்த எண்டு 116 அளவில ரோம சரித்திரக்காரர் டாசிட்டஸ் எழுதினதையும் வாசிச்சம்.

ஆனா என்னைப் பிடிச்சு வைச்சது நாலாம் நாள், ஆதிக் கிறிஸ்தவத்த பரப்பின பவுல் எழுதின கடிதம், வேதாகமத்தில கலாத்தியர் முதலாம் அதிகாரம். அதில பவுல், தான் எருசலேமில இருந்த இயேசுட சீடர்மாரிட்ட ஒண்டும் படிக்கல்ல எண்டுதான் வாதாடுறார், அப்பிடி வாதாடுற ஆள் கேபாவோட, அதாவது இயேசுட சீடர் பேதுருவோட, 15 நாள் தங்கின, ஆண்டவர்ர சகோதரன் யாக்கோபையும் கண்ட எண்டு ஒத்துக்கொண்டு பொய் சொல்லல்ல எண்டு கடவுள் முன்னால சத்தியமும் பண்ணுறார். தனக்கு வசதியில்லாத ஒண்ட ஆர் கற்பனையா எழுதுவான்? (எங்கட கத்தோலிக்கப் பக்கம் சகோதரன் எண்டா நெருங்கின சொந்தம் எண்டு எடுக்கிறம், எப்பிடி எடுத்தாலும் சொந்தக்காரர் இருக்கிற ஆள், கட்டுக்கதை எண்டுறவங்கள்ள சிலர் சொல்லுற மாதிரி, வானத்தில மட்டும் இருந்திருக்க ஏலாதே.) கடவுள நம்பாத அமெரிக்க வேதாகம அறிஞர் பார்ட் எர்மன் கூட இயேசு இருந்தவர்தான் எண்டு நிக்கிறதுக்கு இந்த வசனம் ஒரு பெரிய காரணம்.

குறை எண்டா ஐஞ்சாம் நாள். கட்டுக்கதை எண்டுற ஆக்களுக்கு ஒரே ஒரு பின்னேரம்தான். ஜெர்மனியில ஆர்தர் ட்ரூஸ் 1909ல எழுதினது பத்து நிமிசத்தில போச்சு, 2014ல ரிச்சர்ட் கேரியர் எழுதினது அரைமணித்தியாலம். ஞானஸ்நானம் எடுத்த எல்லாரும் ஆண்டவர்ர சகோதரர்தான், யாக்கோபுக்கு அது வெறும் பட்டம் எண்டுறார் கேரியர், அத நின்டு பேசியிருக்க வேணும். நான் வீட்ட வந்து 1 கொரிந்தியர் 9 எடுத்துப் பாத்தா, ஆண்டவர்ர சகோதரர் வேற, கேபா வேற எண்டு பவுல் பிரிச்சுத்தான் சொல்லுறார், எல்லாருக்கும் உள்ள பட்டம் எண்டா கேபாவுக்கும் அது வரத்தானே வேணும். இத வகுப்பிலயே போட்டு அடிபட்டிருந்தா மற்றப் பக்கத்து ஆக்களும் மறுமொழி சொல்லியிருப்பாங்க. எதிர்க்கட்சிய மெலிசா காட்டி வெல்லுறது வெற்றியில்ல, சேரிட்டயும் நேர சொன்ன, அடுத்த முறை ரெண்டு சனி தாறன் எண்டார்.

போட்டோகொப்பி மங்கல், ஃபேன் ஒண்டுதான், முன்னுக்கு இருங்க. வேதாகமம் கையோட கொண்டு போங்க, கலாத்தியர் ஒண்ட வாசிச்சிட்டுப் போனா நாலாம் நாள் உங்களுக்கும் பேச விசயம் இருக்கும்.