தானியங்கி அப்டேட்டோடு நாலரை வருடம்

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு பேரின் கோப்புகளும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரே சர்வரில்தான். 2019-ல் டெபியன் 10 போட்டபோது, அப்டேட்டை நானே கையால் செய்வது என்று முடிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாகின் செய்து, என்னென்ன பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) வருகிறது என்று படித்துவிட்டுத்தான் 'ஒய்' தட்டுவேன். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. வரித் தணிக்கை சீசன் வந்ததும் வெள்ளிக்கிழமைகள் காணாமல் போயின. ஒருமுறை ஐந்து வாரம் விட்டுப்போனது. ஐயர் வருகிறவரை அமாவாசை காத்திருக்குமா? கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னக்ரை என்ற நாச நிரல் பரவியது 2017 மே 12-ல். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே திருத்தம் கொடுத்திருந்தது.

2021 பிப்ரவரியில், அப்டேட்டைத் தானாக ஏற்றும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற நிரலைப் போட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக ஏறும்படி வைத்தேன். காலை 6-லிருந்து 7-க்குள் வேலை தொடங்கிவிடும். இன்றுவரை அதனால் சர்வர் படுத்ததில்லை. கோளாறெல்லாம் என் கைவரிசைதான்.

முதல் கோளாறு ரீபூட். புதுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வட்டில் ஏறிவிடும். ஆனால் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழையதுதான். தானாக ரீபூட் ஆகும் வசதி இயல்பில் அணைந்தே இருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் தற்செயலாக அப்டைம் (ரீபூட் ஆகாமல் ஓடிய காலம்) பார்த்தால் 140 நாளுக்கு மேல்! இப்போது மாதம் ஒரு ஞாயிறு நானே ரீபூட் செய்கிறேன்.

அடுத்தது இதைவிட மோசம். டெபியன் 11-க்கு மாறும்போது, எந்தக் கிடங்கிலிருந்து மென்பொருள் எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில் 'பஸ்டர்' (10-இன் பெயர்) என்று இருந்ததையெல்லாம் 'புல்ஸ்ஐ' (11-இன் பெயர்) ஆக்கினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் கிடங்கின் பெயர் அமைப்பே அந்தப் பதிப்பில் மாறியிருந்தது: பெயரின் கடைசியில் இருந்த பழைய 'ஸ்லாஷ் அப்டேட்ஸ்' போய் 'ஹைஃபன் செக்யூரிட்டி' ஆகிவிட்டது. நான் எழுதிய பெயரில் கிடங்கே இல்லை என்று திரையில் ஓடிய பிழைச் செய்தியை நான் படிக்கவில்லை. அதன்பின் திருத்தம் எதுவும் வரவில்லை. 'பிழை வந்தால் மட்டும் மெயில்' என்று வைத்திருந்ததால் மெயிலும் இல்லை. அந்த நிரலைப் பொறுத்தவரை பிழை ஏதும் நடக்கவில்லை, ஏற்ற எதுவும் இல்லை, அவ்வளவே. ஏழு வாரம் நிம்மதியாக இருந்தேன். இப்போது எது ஏறினாலும் மெயில் வருகிறது. இரண்டு வாரம் வராவிட்டால் போய்ப் பார்ப்பேன்.

"தானாக விட்டால் கெட்டதும் தானாக வருமே" என்பார் நண்பர் ஒருவர். வரும்தான். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்திடமிருந்து தானாக ஏறிய ஒரே கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. ஆனால் அதே வருடம் மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழைய வைத்த வழி) சிக்கியபோது, அந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்திருந்தன. நான் ஓட்டும் ஸ்டேபிளுக்கு (சோதித்து வெளியிட்ட நிலையான பதிப்பு) வரவில்லை. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் நிதானமாக இருந்தால், எடுப்பதைத் தானாக விடலாம் என்பது என் கட்சி. பதிப்பு மாற்றம் மட்டும் இன்றும் கையால்தான்.

போன மாதம் டெபியன் 13-க்கு ஏற்றினேன். சோர்சஸ் லிஸ்டை வரிவரியாக வாய்விட்டுப் படித்ததைப் பார்த்து, "என்ன சார், மந்திரமா?" என்று கேட்டார் எங்கள் கிளார்க்.