தொட்டிக்குள் எந்த நிலம்: மழைக்காடா, புல்வெளியா, சதுப்பா, ஏரியா?

பெங்களூரு மாடித் தோட்டக்காரர்கள் தொட்டி நிரப்பக் கையில் எடுப்பது பெரும்பாலும் நான்கு பொருள்கள்: காய்ந்த இலை, மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), ஏரி வண்டல். நான்குக்கும் உலகில் குணத்தில் ஒத்த ஒவ்வொரு மாதிரி நிலம் உண்டு. அங்கே சத்து எங்கே தங்குகிறது என்று தெரிந்தால், தொட்டியில் எது ஏன் கெடுகிறது என்பதும் பிடிபடும்.

இலைக்கு மாதிரி மழைக்காடு. அமேசானின் பசுமையைப் பார்த்து மண்ணும் வளம் என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் மிகப் பழைய, மழையில் கரைந்து தேய்ந்த மண் அது. செடிக்கு எட்டும் சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது. சருகு மட்கியதும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் சத்தை மேலேயே வாங்கிக்கொள்கின்றன. மழை அடித்துச் செல்லும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) ஈடுகட்ட, ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் போடெலே பள்ளத்துத் தூசி கடல் கடந்து வருகிறது. செயற்கைக்கோள் கணக்கின்படி, வட ஆப்பிரிக்கத் தூசியோடு அமேசானில் இறங்கும் மணிச்சத்து ஆண்டுக்குச் சுமார் 22,000 டன்.

ஆகவே இலை மேலேதான் கிடக்க வேண்டும். 2 அங்குல மூடாக்கு போதும். தண்டைச் சுற்றி 2 அங்குலம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். காய்ந்த இலையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 50 பங்கு அளவில் கரிமம் (கார்பன்) இருக்கும். அதை மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் மட்க வைப்பதற்காக மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அடி இலைகள் மஞ்சளாகும். புங்க இலை சீக்கிரம் மட்கும், சில்வர் ஓக் இழுத்தடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை தெருவெல்லாம் இலவசமாகக் கொட்டும் இந்த உரத்தைக் குவித்துக் கொளுத்துவது வயிறெரியும் காட்சி. தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது.

மண்புழு உரத்துக்கு மாதிரி புல்வெளி. அங்கே சேமிப்பு மண்ணுக்குள்: ஆண்டுதோறும் மடியும் புல்வேர்களால் உருவானதுதான் உக்ரைனின் கறுப்பு மண். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி உரத்தை மேல் மண்ணில் கிளறிவிடலாம். நம் செம்மண்ணின் இரும்பு மணிச்சத்தைக் கட்டிப்போடும்; மட்கு அந்தப் பிடியைத் தளர்த்தும். நான்கில் என் முதல் தேர்வு இதுதான்.

கோகோபீட்டின் குணம் குளிர்நாட்டுக் கரிச்சதுப்பை, அதாவது பாதி மட்கிய பாசி அடுக்கடுக்காய்ச் சேரும் சதுப்பை, ஒத்தது. காற்றில்லாத, அமிலமான ஈரத்தில் மட்குவது மிக மெதுவாகத்தான் நடக்கும், சத்து பூட்டியே கிடக்கும். அதனால்தான் அங்கே பூச்சி தின்னும் செடிகள் வாழ்கின்றன. கோகோபீட் ஈரம் காக்கும், சோறு போடாது. உப்பு போக இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் செடி பசியில் நிற்கும்.

ஏரி வண்டல்தான் ஏமாற்றும். செம்மண்ணில் மணிச்சத்தைப் பிடிக்கும் அதே இரும்பு, ஏரியடிச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அதை நீரில் விட்டுவிடுகிறது. பெங்களூருவின் பெல்லந்தூர் போன்ற சாக்கடை கலக்கும் ஏரியில் சாக்கடையை இன்றே நிறுத்தினாலும், அடியில் படிந்திருப்பது ஆகாயத்தாமரைக்கு இன்னும் பல ஆண்டு தீனி போடும். அந்த வண்டலை அள்ளிக் காயவைத்தால் காற்றுப் பட்ட இரும்பு மணிச்சத்தை மறுபடி பிடித்துக்கொள்ளும். எதிர்பார்த்த வளம் வராது. தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியானால் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் கீரைக்குள் ஏறும். மழைநீர் மட்டும் சேரும் கிராமத்து ஏரி வண்டல் வேறு கதை; அது வயலுக்கே நல்லது.

கீரைத் தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மேலே இலை. ஆறு மாதத்தில் கலவை அமுங்கித் தாழும். அப்போது தொட்டியைக் கவிழ்க்காமல், தாழ்ந்த இடத்தை உரத்தால் நிரப்பி மறுபடி இலை போடுங்கள்.